அதன் பெயர் ‘பகலில் வெளிவருதல்’

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் எகிப்தின் ‘இறந்தவர்களின் நூல்’ பற்றிய கட்டுரையைப் படித்தேன். மம்மி, சாபம், கல்லறைக் கொள்ளை என்று விறுவிறுப்பாகத்தான் போகிறது. ஆனால் அந்த நூலை ஏதோ பில்லிசூனியச் சுவடி போலக் காட்டியிருப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

முதலில், அந்தப் பெயர் எகிப்தியர் வைத்ததே அல்ல. 1842இல் லெப்சியுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், இத்தாலியின் டூரின் நகரில் இருந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் ஒன்றைப் பதிப்பித்தபோது அதற்கு இட்ட பெயர். எகிப்தியர் சொன்னது ‘பகலில் வெளிவருதல்’. செத்த பிறகும் வெயிலுக்கு எழுந்து வர ஆசைப்பட்டவர்களின் நூல் அது.

கி.மு. 2350 வாக்கில், எகிப்தின் சக்காராவில் உனாஸ் மன்னரின் பிரமிடுச் சுவர்களில், இறந்தவருக்கு மறுமையில் துணைநிற்கும் இப்படிப்பட்ட மந்திர வாசகங்களைச் செதுக்கினார்கள். அப்போது அது அரச குடும்பத்துக்கு மட்டும். அப்புறம் அதிகாரிகளின் சவப்பெட்டிகளுக்கு வந்தது. பிறகு பாப்பிரஸ் சுருள்களுக்கு. பெயருக்கு இடம் விட்டு முன்கூட்டியே எழுதி வைத்த சுருள்களும் உண்டு. வாங்குபவரின் பெயரை அப்புறம் சேர்த்துக்கொள்வார்கள்.

கட்டுரையில் நான் தேடிக் கிடைக்காமல் போனது, அந்த நூலில் வரும் நீதி மண்டபம். இறந்தவர்களின் தெய்வமான ஒசைரிசின் முன்னால், 42 தெய்வங்கள் சூழ, இறந்தவர் சொல்கிறார்: யாரையும் அழவைக்கவில்லை. குழந்தைகளின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை. தராசில் எடையைக் கூட்டவில்லை. ஓடுகிற தண்ணீரை மறிக்கவில்லை. நைல் நதியை நம்பிப் பிழைத்த ஊரில் இந்தக் கடைசிப் பாவம் எவ்வளவு பெரியது!

பிறகு, இதயத்தை ஒரு தட்டிலும் நீதியின் இறகை மறு தட்டிலும் வைத்து நிறுப்பார்கள். தேறாத இதயத்தை விழுங்க முதலைத் தலையோடு அம்மித் என்ற கொடிய விலங்கு காத்திருக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அனி என்ற எழுத்தரின் சுருளில், அவரும் மனைவி துதுவும் குனிந்து நின்று அந்தத் தராசையே பார்க்கிறார்கள். அனி தன் இதயத்திடம் கெஞ்சுகிறார்: “என் தாய் தந்த நெஞ்சே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே.” இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது இந்த நூலை ‘பகலில் வெளிவருதல்’ என்றே அச்சிடுங்கள். அனியும் துதுவும் நிற்கும் அந்தப் படத்தையும் போட்டால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், தஞ்சாவூர்