ரியூசன் ஹோல் ஜன்னலை அடைச்சிடாத, மச்சான்

மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது, உடனே எழுத ஏலாமப் போச்சு, வீட்டில எல்லாருக்கும் தடிமன் காய்ச்சல், வெள்ளவத்தையில ஒரு கலியாணத்துக்குப் போய் வந்த கையோட முதல் எனக்கு, பேந்து மனுசிக்கு, கடைசியா அம்மாவுக்கு. அம்மாவுக்குத்தான் இருமல் இன்னும் விடேல்ல, மற்றும்படி சுகம்.

யாழ்ப்பாணத்தில சொந்தமா ரியூசன் ஹோல் கட்டுறது கேட்டு நல்ல சந்தோசம். ஆனா சுத்திவர அடைச்சு ஏசி போடப்போறன், வாசல்ல சனிடைசர் வைச்சாக் காணும் எண்டு எழுதியிருக்கிறாய், அதுதான் எனக்கு மனசு கேக்கேல்ல.

கொவிட் மட்டும் எண்டில்லை, சாதாரண தடிமனைத் தாற நாலு கொரோனா வைரசும் இருக்கு, இதுகள் முக்கியமா மூச்சுக் காத்தாலதான் பரவுது. தும்மினாத்தான் வரும் எண்டில்லை, கதைக்கேக்க, மூச்சு விடேக்க வாற கண்ணுக்குத் தெரியாத துளியள் நுளம்புத்திரிப் புகை மாதிரி அறைக்குள்ள மிதந்துகொண்டு நிக்கும். 2020இல பஸ்ஸுக்கும் ரோட்டுக்கும் மருந்து அடிச்சது ஞாபகம் இருக்கோ? அந்தக் காலம் உலக சுகாதார ஸ்தாபனமே இது காத்தால பரவாது எண்டு சொல்லிக்கொண்டிருந்தது, ஜூலையில 239 விஞ்ஞானியள் சேர்ந்து காத்தால பரவுது எண்டு பகிரங்கமா எழுதினாங்கள், 2021இலதான் ஸ்தாபனம் அதைத் தெளிவா ஏற்றுக்கொண்டது. அந்தப் பிந்தலுக்கு எத்தினை உயிர் போச்சோ எண்டு யோசிச்சா இப்பவும் கோவம் வரும்.

அமெரிக்காவில வாஷிங்டன் மாநிலத்தில 2020 மார்ச் 10 ஒரு பாட்டுக் குழு உள்ளுக்கு இருந்து ரெண்டரை மணித்தியாலம் பயிற்சி செய்திருக்கு, ஒருத்தருக்கு மட்டும் வருத்தக்குறி, வந்த 61 பேரில 53 பேருக்கு வருத்தம், ரெண்டு பேர் செத்தவை. சீனாவில குவாங்சோவில ஜன்னல் இல்லாத ஏசி சாப்பாட்டுக் கடை ஒண்டில பக்கத்து பக்கத்து மேசையில இருந்த மூண்டு குடும்பத்தில 10 பேருக்கு வருத்தம் வந்திருக்கு, அந்தக் குடும்பங்களுக்குள்ள பழக்கமே இல்லை.

இப்ப உன்ர ஹோலை யோசி. சுவரில பூட்டுற சாதாரண ஏசி வெளிக்காத்தை உள்ளுக்கு எடுக்காது, இருக்கிற காத்தையே குளிராக்கித் திருப்பி விடும், அதுக்குள்ள பிள்ளையள் நெருங்கி இருந்து மணித்தியாலக் கணக்கா மூச்சு விடுங்கள், நீ முன்னுக்கு நிண்டு கத்திப் படிப்பிப்பாய், சத்தமாக் கதைக்கக் கதைக்க துளியும் கூடும். கொவிட் எண்டா குறி தெரியிறதுக்கு ரெண்டு நாள் முந்தியே பரப்பலாம், எந்தப் பிள்ளைக்கு இருக்கெண்டு நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்? நாங்கள் படிச்ச கொட்டில் கிடுகுக் கூரை, அரைச்சுவர், நாலு பக்கமும் காத்து, அதை நினைச்சுப் பார்.

ரெண்டு பக்கமும் எதிரெதிரா பெரிய ஜன்னல் வை, ஒரு பக்கம் காத்தை வெளிய இழுக்கிற ஃபேன் பூட்டு, மைக் ஒண்டு வாங்கு. ஏலுமெண்டா, நாங்கள் மூச்சில வெளிய விடுற கார்பன் டயொக்சைட்டை அளக்கிற மீட்டர் ஒண்டும் எடு, வெளிய 420 ppm போலக் காட்டும், ஹோலுக்குள்ள 1000 தாண்டினா காத்து மாறேல்ல எண்டு அர்த்தம். சனிடைசரும் இருக்கட்டும், கையால பரவுற வேற வருத்தங்களும் இருக்குத்தானே. தடிமனோட வாற பிள்ளையை வீட்ட நிப்பாட்டி நோட்ஸை போன்ல அனுப்பி விடு, காசைக் குறைக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்க மாட்டினம்.

மேசனோட கதைச்சிட்டு கோல் எடு, சுவர் எழும்ப முதல்.

உன்ர மச்சான்