கிளுவை இல்லை, நீலச்சிறகி

அன்புள்ள நண்பா,

மூட்டுவலி குறைந்து மறுபடி காலையில் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் வந்து கரைவெட்டி ஏரி நிறைந்து கிடக்கிறது. வாரம் ஒருமுறையாவது போய்விடுகிறேன்.

போன கடிதத்தில் ஏரி முழுக்கக் கிளுவை என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது தப்பு. அவை நீலச்சிறகிகள். இரண்டும் சின்ன வாத்துகள், பெட்டைகள் பழுப்பு; எதிர்வெயிலில் பார்த்ததால் ஏமாந்துவிட்டேன். நேற்றுக் காலை கிழக்குக் கரையில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தேன். முகம் தெளிவாகத் தெரிந்தது. கண் வழியாக ஒரு கருங்கோடு, அதற்கு மேலே வெளிர்புருவம், கன்னத்தில் இன்னொரு மங்கலான கோடு, அலகு தொடங்கும் இடத்தில் வெளிர்பொட்டு. கிளுவைப் பெட்டைக்கு முகத்தில் இவ்வளவு வரி கிடையாது. வாலடியில் ஒரு வெளிர்கீற்று இருக்கும். இவற்றுக்கு அது இல்லை.

சரி, சேவல்கள் எங்கே? நூறு வாத்தும் பெட்டையாகவா இருக்கும்? யோசித்துக்கொண்டிருந்தபோதே பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வர, கூட்டம் மொத்தமும் எழும்பியது. அடடா! பல வாத்துகளின் முன்சிறகு சாம்பல் கலந்த வெளிர்நீலம். அத்தனையும் சேவல்கள்!

இவை வடக்கிலிருந்து வலசை வருபவை. அங்கே குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் சேவல்கள் பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துப் பெட்டை நிறத்துக்கு மாறிவிடும். பறக்கும் இறகுகளும் ஒரேயடியாக உதிர்வதால் சில வாரம் பறக்கவே முடியாது. அந்த நாட்களில் நாணலுக்குள் ஒளிந்திருக்கப் பழுப்பு நிறம்தான் உதவும். மற்ற வாத்துகளில் பல சீக்கிரமே பழைய நிறத்துக்குத் திரும்பிவிட, நீலச்சிறகிச் சேவலோ குளிர்காலத்தில் பெரும்பகுதியை இப்படியே கழிக்கும். முகம் மாறினாலும் சிறகின் நீலம் மாறாது. பெயர் வைத்தவர் எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் பெயரிலேயே சொல்லிவிட்டார்!

மாசியில் கட்டாயம் வா. அதற்குள் சேவல்களுக்குக் கண்மேலிருந்து பிடரி வரை வெள்ளைப் புருவம் வந்திருக்கும். காய்ந்த பனையோலையில் குச்சியை இழுத்தாற்போல அது கத்துவதையும் கேட்கலாம். பங்குனி பிறந்தால் கிளம்ப ஆரம்பித்துவிடும். அப்புறம், உன் பைனாகுலரை மறக்காமல் எடுத்து வா. என்னுடையதில் ஒரு கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிட்டது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்