மோப்பம் போன கதை

கோயமுத்தூர்,
ஞாயிறு ராத்திரி

மாப்ளே,

நீ அனுப்பின மூணு வாய்ஸ் மெசேஜும் கேட்டேன். ஜமக்காளக் கறைக்கு வழி கேட்டும் பதிலே போடலைன்னு மூணாவதுல திட்டினது ரொம்ப ஓவர், ஆனா நியாயம். போன் போட்டுச் சொல்லலாம்னு ரெண்டு தடவை எடுத்தேன். பாதியில நீ சிரிச்சுருவ, எனக்கு மீதி வராது. அதான் பேப்பர்ல எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா கண்ணாடி போட்டுப் படி.

இங்க எல்லாரும் சுகம். கனகுக்கு முட்டி வலி அப்படியேதான். பெரியவன் ஓசூர்லயே இருக்கான், பொண்ணு பார்க்கிற பேச்சை எடுத்தா போன் டவர் போயிருது அவனுக்கு. சரி, அது கிடக்கட்டும்.

போன மாசம் சுத்தம் பண்ணப் போன இடத்துல ஒரு சோபாவைக் கெடுத்துட்டேன்.

ஆர்.எஸ்.புரத்துல ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. லினன் சோபா, மூணு சீட்டு, பிளீச் பண்ணாத சணல் நிறம். பேரன் ஃபில்டர் காபியைக் கவுத்து மூணு மாசம் ஆச்சாம். அந்தம்மா பாத்திரம் தேய்க்கிற லிக்விடை ஊத்தி, நாரை வச்சுத் தேய்ச்சிருக்காங்க. கறை அப்படியே இருக்கு, அதைச் சுத்தி நூல் பஞ்சு பஞ்சா எழும்பி நிக்குது. கை வைக்கிற இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. இந்த மாதிரி கேஸ் எனக்குப் புதுசில்ல. காபில பாதி துவர்ப்பு, அதுக்கு ஆசிட் பக்கம் மருந்து. பிசுக்குக்கு சலவைச் சோடா பக்கம் மருந்து. சோடாவை முதல்ல போட்டு எடுத்துட்டு, கடைசியா அசிட்டிக், அதான் வினிகர்ல இருக்கிற ஆசிட், கலந்த தண்ணி அடிச்சு மெஷின்ல உறிஞ்சிட்டா துணி நியூட்ரல் ஆயிரும். நம்ம திருப்பூர் சாயப் பட்டறைல சாயம் ஏத்தின துணிக்கு செஞ்ச அதே வேலைதான். "ஆசிட் வாஷ் குடுத்தாச்சாடா?"ன்னு நீ ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்துவியே, அது இன்னிக்கும் எனக்குக் காதுல கேக்கும்.

அன்னிக்கும் குடுத்தேன். குடுத்தேன்னு நெனச்சேன்.

காபி ஃபோம் வரைக்கும் எறங்கியிருந்ததால தண்ணி கொஞ்சம் தாராளமாவே ஆச்சு. சாயங்காலம் மழை மூட்டம் வேற, டீச்சரம்மா ஜன்னலை எல்லாம் சாத்திட்டாங்க. மறுநாள் காலைல ஏழு மணிக்கு போன்: "ஏப்பா, காபிக் கறையை எடுக்கச் சொன்னா, சோபாவையே டீயில முக்கிட்டுப் போயிருக்கியே!"

போய்ப் பார்த்தேன் மாப்ளே. மூணு சீட்டும் பழுப்பு. ஓரத்துல, தையல்கிட்ட, இன்னும் கருப்பா, கோடு போட்ட மாதிரி. நடுவுல அந்தக் காபி வட்டமும் மேல வந்து உக்காந்திருக்கு.

உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. பருத்தியோ லினனோ, பிளீச் ஆகாத நூலுக்குள்ள இயற்கையாவே ஒரு பழுப்புச் சரக்கு இருக்கு. நாம காஸ்டிக் போட்டுக் கொதிக்க வச்சு, பெராக்சைடு குடுத்து அதைக் கழட்டி சாக்கடைக்கு அனுப்பிருவோம். இங்க துணி மரச்சட்டத்துல ஆணி அடிச்சு நிக்குது. சோடா தண்ணி அந்தச் சரக்கை இளக்கி விட்டுரும். துணி மெதுவாக் காய்ஞ்சா, தண்ணி மேல வந்து ஆவியாகும், சரக்கு மட்டும் நூல் நுனில தங்கிரும். அதுக்குத்தான் கடைசில ஆசிட், அதுக்குத்தான் ஃபேன். இதை நான் புதுப் பசங்களுக்கு வாரம் ஒரு தடவை சொல்றவன்.

அப்புறம் எப்படி ஆச்சு? வண்டில இருந்த நீல கேனை, ஆசிட் தண்ணி வைக்கிற கேனை, எடுத்தேன், மூடியைத் திறந்து மூக்குல வச்சேன். ஒண்ணும் தெரியல. கூட வேலை பார்க்கிற பையனைக் கூப்பிட்டு, "எனக்குச் சளிடா, இதை மோந்து பாரு"ன்னேன். மோந்துட்டு சொன்னான்: "வெறும் தண்ணிங்ணா."

கேன் காலியாச்சுன்னு அலசித் தண்ணி பிடிச்சிருக்கான். ஆசிட் ஊத்தறதுக்குள்ள நான்தான் மெஷினை மூணாவது மாடிக்குத் தூக்கக் கூப்பிட்டிருக்கேன். அவன் மறந்துட்டான். சோடா ஊறின துணி மேல இன்னும் ஒரு கேன் தண்ணியை அடிச்சுட்டு வந்திருக்கேன் நான்.

இப்ப சொல்லாம வச்சிருந்ததைச் சொல்றேன். சிரிக்காத. 2021ல கொரோனா வந்தப்ப போன வாசனை எனக்கு முழுசாத் திரும்பல. காபி தெரியுது, மண்ணெண்ணெய் தெரியுது. வினிகர் துளியும் தெரியல. சாம்பார் கொதிக்கிறது தெரியாம ரெண்டு தடவை அடிப்பிடிக்க விட்டுட்டேன். கனகு நான் மொபைலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்னு நெனச்சுக்கிட்டா, நானும் ஆமாம்னுட்டேன். எனக்கு மோப்பம்னு பேர் வச்சது நீதான். சாயத்தைக் கழட்டற ஹைட்ரோஸ் பவுடர் டிரம்மைத் திறந்ததும் சரக்கு செத்துருச்சா உயிரோட இருக்கான்னு மோந்தே சொன்னவன். 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவு வந்து திருப்பூர்ல பட்டறை எல்லாம் மூடினப்ப, நீ ஊருக்குப் போயிட்ட, நான் இந்த மூக்கை நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆசிட் கலக்கறதை அளந்ததே இல்ல மாப்ளே. மோந்து பார்த்துத்தான் ஊத்துவேன்.

இந்த சோபாவுக்கு முன்னாடியே குன்னூர்ல ஒரு பங்களா நாற்காலி. பருத்தின்னு ஓனர் சொன்னார். அடில இருந்து ஒரு நூல் உருவிக் கொளுத்தினேன். எனக்கு ஒண்ணும் தெரியல. பையன்தான், "சலூன்ல முடி கருகின மாதிரி இருக்குங்ணா"ன்னான். கம்பளி! சோடா மருந்து அடிச்சிருந்தா நூல் வீணாப் போயிருக்கும். அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும். பையன் மூக்கைக் கடன் வாங்கிட்டு, மேஸ்திரி மாதிரி தலையாட்டிட்டு வந்தேன்.

டீச்சரம்மா சோபாக் கதையை முடிச்சுர்றேன். அசிட்டிக்கை முதல் தடவையா மில்லி கணக்குல அளந்து கலக்கினேன். நனையாம, பனி விழுந்த அளவுக்கு ஸ்பிரே. மேல வெள்ளைப் பருத்தித் துணியை ஈரமா ஒட்டி விரிச்சு, ரெண்டு ஃபேன், ஜன்னல் முழுசாத் திறப்பு. பழுப்பு இப்ப சோபா நுனிக்குப் பதிலா அந்தத் துணி நுனிக்கு ஏறணும், அதான் கணக்கு. காய்ஞ்சு உரிச்சா துணில மூணு சீட்டோட வரைபடமே இருக்கு! டீச்சரம்மா அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாங்க. ரெண்டு தடவை அப்படிச் செஞ்சதுல பழுப்பு போச்சு. காபி வட்டம் முக்கால்வாசி போச்சு, மீதி போகல. நார் வச்சுத் தேய்ச்ச இடம் தேய்ச்சதுதான், அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல, அதை அவங்ககிட்டயே சொன்னேன். காசு வாங்கல. கிளம்பும்போது, "கேனை மாத்தி எடுத்துட்டியாப்பா?"ன்னு கேட்டாங்க. வாத்தியாருங்களுக்கு எப்படித்தான் தெரியுமோ. ஆமாங்கன்னேன். மூக்கு விஷயம் சொல்லல.

பையனையும் திட்டல. திட்டினா காரணம் சொல்லணும்.

இப்ப சட்டைப் பைல பி.ஹெச். பேப்பர், ஆசிட்டா சோடாவான்னு நிறம் மாறிக் காட்டுற பேப்பர், வச்சிருக்கேன். ஒவ்வொரு கேனுக்கும் ஒரு துண்டு. முதல் நாள் வெக்கமா இருந்தது. ஈ.என்.டி. டாக்டர்கிட்ட புதன்கிழமை போறேன். கனகுகிட்ட அன்னிக்குக் காலைல சொல்லிக்கலாம்னு இருக்கேன். இல்ல, நீயே ஒரு போன் போட்டு அவகிட்ட பேச்சுவாக்குல சொல்லிரு. உன்மேல அவளுக்குக் கோபம் வராது.

உன் திண்ணை பவானி ஜமக்காளத்துல வெத்தலைக் கறைன்னு போட்டோ அனுப்பினியே. யார் துப்பினதுன்னு கேக்கமாட்டேன், சின்ன மாமாதான். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாத, கறையோட கோட்டுச் சாயமும் சேர்ந்து போயிரும். சோப்பும் வேண்டாம். வெத்தலைச் சிவப்பே சுண்ணாம்புல பிடிக்கிற சிவப்பு, சோப்பு அதுக்குச் சுண்ணாம்போட தம்பி. எலுமிச்சம்பழச் சாறைத் தண்ணில கலந்து, முதல்ல அடிப்பக்கம் ஒரு மூலைல வச்சு வெள்ளைத் துணியால ஒத்திப் பாரு. துணில சாயம் ஏறலைன்னா மட்டும் கறைக்குப் போ. வெளில இருந்து உள்பக்கமா ஒத்தணும், தேய்க்கக் கூடாது. நெழல்ல காயப் போடு. ஒரே தடவைல போகாது, ரெண்டு மூணு நாள் விட்டு விட்டுப் பண்ணு.

சாறு எவ்வளவுன்னு கேப்ப. மோந்து பார்த்து ஊத்து. உனக்காவது மூக்கு இருக்கே.

உன்
மோப்பம்