ஆளெடுத்தவரும் போய்விட்டார்

சியாட்டில்
28 மார்ச் 2024

அன்புள்ள முரளி,

இங்கே எல்லாரும் சுகம். ஜனவரியில் நீ போட்ட கடிதத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்று உனக்கே தெரியும். எங்கள் வாஷிங்டன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் கோச் டிபோரைத் தூக்கிக்கொண்டு போன அலபாமாவில் உட்கார்ந்துகொண்டு "வருத்தப்படாதே மாப்ள" என்று எழுதினால் அதற்கு என்னடா பதில்? இப்போது எழுத உட்கார்ந்தது வேறு சங்கதிக்காக. டிராய் டானனும் போய்விட்டார், நெப்ராஸ்காவுக்கு. போன அக்டோபரில் வந்த அத்லெடிக் டைரக்டர், அதாவது கோச்சை வேலைக்கு எடுக்கிற விளையாட்டுத் துறைத் தலைவர், ஐந்தே மாதம். டிபோர் போனபோதுகூட எனக்கு இவ்வளவு கவலை வரவில்லை.

களத்தில் நிற்கிறவர் இருக்கிறாரே, ஆபீஸில் இருக்கிறவர் போனால் என்ன என்று கேட்பாய். கொஞ்சம் பின்னால் போய்ப் பார். 2021 நவம்பரில் டிபோரை ஃபிரெஸ்னோவிலிருந்து கூட்டிவந்தவர் அன்றைய அத்லெடிக் டைரக்டர் ஜென் கோஹன். 2023 ஆகஸ்டில் அவர் யூஎஸ்ஸிக்கு (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போனார். சீசன் தொடங்கப்போகிற நேரத்தில் கோச்சுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் இருந்த கயிறு அறுந்தது. புதிதாக வந்த டானன் சம்பளத்தை உயர்த்தத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் டிபோர் கையெழுத்துப் போடவில்லை. தன்னை எடுக்காத மனிதரோடு சீசன் நடுவில் பேரம் பேச எந்தக் கோச்சுக்கும் அவசரம் இருக்காது. பழைய ஒப்பந்தப்படி 1 கோடியே 20 லட்சம் டாலர் கட்டினால் ஆளை அழைத்துப்போகலாம். உங்கள் ஊருக்கு அது ஒரு தொகையா?

ஜனவரி 8 தேசிய இறுதி ஆட்டத்தில் மிச்சிகனிடம் 34-13 தோல்வி. 10ஆம் தேதி உங்கள் அலபாமா கோச் சேபன் ஓய்வு. 12ஆம் தேதி டிபோர் உங்கள் ஆள். இதில் உங்கள் அத்லெடிக் டைரக்டர் கிரெக் பர்ன் செய்த வேலையை நான் மனசாரப் பாராட்டுகிறேன். பையன்களைக் கூட்டி 72 மணி நேரம் பொறுங்கள் என்று கேட்டார், இரண்டே நாளில் முடித்துக் காட்டினார். 2017லிருந்து அதே நாற்காலியில் இருப்பவர். யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியல் அவரிடம் முன்கூட்டியே இருந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலைச் சும்மா இருக்கும் நாளில்தான் போட்டு வைக்க வேண்டும். கோச் கிளம்பியபின் போட ஆரம்பித்தால் ஒரு வாரம் போய்விடும், அதற்குள் பாதி அணி போய்விடும்.

டானனும் அந்த வகையில் சோடை போகவில்லை. 14ஆம் தேதியே எங்கள் புதுக் கோச்சாக ஜெட் ஃபிஷ் வந்துவிட்டார். அரிசோனாவில் வெற்றி-தோல்விக் கணக்கை 1-11, 5-7, 10-3 என்று மூன்றே வருஷத்தில் ஏற்றிக் காட்டியவர். ஏழு வருஷ ஒப்பந்தம், சராசரி ஆண்டுக்கு 77 லட்சத்து 50 ஆயிரம் டாலர். கணேசன் அண்ணன் மட்டும் இன்னமும், உள்ளேயே இருந்த டிபோரின் உதவிக் கோச் கிரப்பை ஏன் உயர்த்தவில்லை என்று சண்டை பிடிக்கிறார். மிச்சிகனைக் காட்டுகிறார்: அங்கே கோச் ஹார்பா தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் சார்ஜர்ஸுக்குப் போன இரண்டாம் நாளே அவருடைய உதவிக் கோச் ஷெரோன் மூரை உட்கார வைத்தார்கள், கூடாரம் கலையவில்லை என்கிறார். அது நியாயமான வழிதான். ஆனால் இங்கே 2019இல் கோச் பீட்டர்சன் விலகியபோது அதைத்தான் செய்தோம். உள்ளேயே இருந்து உயர்த்திய ஜிம்மி லேக் 13 ஆட்டம், 7-6, 2021 நவம்பரில் வெளியே. அந்தச் சூடு யாருக்கும் ஆறவில்லை. கிரப் டிபோரோடு உங்களிடம் வந்தார், ஒரு மாதம்கூட ஆகவில்லை, சியாட்டிலின் என்எஃப்எல் அணி சீஹாக்ஸுக்கு என்று இங்கேயே திரும்பிவிட்டார். கணக்கில் ஒரு ஆள் எங்கள் ஊருக்கு வரவு என்று எழுதிக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷ விதிப்படி, கோச் போனால் அந்த அணிப் பையன்களுக்கு மட்டும் 30 நாள் போர்ட்டல் (வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற நினைக்கிறவர்கள் பேர் கொடுக்கும் பட்டியல்) திறக்கும். அதனால் ஒரு நாற்காலி காலியானால் வரிசையாக நான்கு அணிக்குக் கதவு திறக்கிறது: அலபாமா, நாங்கள், அரிசோனா, பிரென்ட் பிரென்னனை அரிசோனாவுக்கு விட்டுக்கொடுத்த சான் ஹோசே ஸ்டேட். புதுக் கோச் ஊரைக்கூடப் பார்க்காமல் போனை எடுக்க வேண்டும். முதலில் ஏற்கெனவே இங்கே ஆடுகிறவர்கள், அதிலும் லைன், அதாவது முன்வரிசையில் நின்று எதிரிகளைத் தடுக்கிற ஐவர். அடுத்து, டிசம்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது விடுவிக்கச் சொல்லிக் கேட்கிற பள்ளிப் பையன்கள். பழைய அணியில் தன்னை நம்பியிருந்தவர்களிடம் அவராகப் பேசக் கூடாது, பேர் போர்ட்டலில் ஏறிய பிறகுதான். ஃபிஷ்ஷை நம்பி டெமண்ட் வில்லியம்ஸ், ஜோனா கோல்மன், ப்ரைசாக் வந்தார்கள். ஃபிஃபிட்டாவும் மெக்மில்லனும் அரிசோனா அணியின் ஊரான டூசானிலேயே இருந்துவிட்டார்கள். மிசிசிப்பி ஸ்டேட்டிலிருந்து வந்த வில் ராஜர்ஸ் போர்ட்டலில் பேரைப் போட்டுவிட்டு வாபஸ் வாங்கினான். அவன் இல்லையென்றால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் இடத்தில் அனுபவம் என்று சொல்ல ஒருத்தன் கிடையாது.

எனக்குத் தூக்கம் கெடுவது லைனால். டிசம்பரில், நாட்டின் சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருது வாங்கிய லைன், தொடக்க ஐவரில் ஒருவர்கூட மிச்சமில்லை. ஃபவுட்டானுவும் ரோசன்கார்ட்டனும் என்எஃப்எல்லுக்குப் போவது எதிர்பார்த்ததுதான். லைனின் நடுவில் நிற்கும் சென்டர் பிரெயில்ஸ்ஃபர்ட் உங்களிடம் வந்தானே, அதுதான் அடி. பந்தைப் பின்னால் தள்ளுவது மட்டும் சென்டரின் வேலை இல்லை. குனிவதற்கு முன் எதிரே பார்த்து, இவன்தான் 'மைக்' என்று, எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கரைக் கைகாட்டுவான். மற்ற நான்கு பேரும் அங்கிருந்து எண்ணித்தான் தங்கள் ஆளைப் பிடிப்பார்கள். அவன் ஒரு ஆள் தள்ளிக் காட்டினால் ஐந்து பேரும் ஒரு ஆள் தள்ளிப் போவார்கள், ஓரத்திலிருந்து ஒருத்தன் தடையே இல்லாமல் குவார்ட்டர்பேக் மேல் வந்து விழுவான். இது கூட ஆடி ஆடி வரவேண்டிய பழக்கம். ஐந்து நல்ல பையன்களைத் தனித்தனியாக வாங்கிப் போட்டால் வந்துவிடாது.

இதில் இன்னொரு இடைஞ்சல் உண்டு, யாரும் பேசுவதில்லை. வாஷிங்டனில் படிப்பு வருஷத்தை நான்காகப் பிரிக்கிற குவார்ட்டர் முறை. ஃபிஷ் வந்தபோது குளிர்கால வகுப்புகள் தொடங்கி ஆகிவிட்டது. அதற்குப் பின் வருகிறவன் மார்ச் கடைசியில் தொடங்கும் வகுப்புக்குத்தான் சுலபமாகச் சேர முடியும், குளிர்கால உடற்பயிற்சி முழுக்கப் போச்சு. புது ஸ்ட்ரெங்த் கோச்சுக்கு பையன்களின் உடம்பைத் தெரிந்துகொள்ளக் கிடைக்கிற காலமே அந்த இரண்டு மாதம்தான்.

இப்போது டானன் போனதை இதோடு சேர்த்துப் பார். ஏப்ரல் 16 முதல் 30 வரை போர்ட்டல் மறுபடி திறக்கிறது, இந்தத் தடவை நாடு முழுக்க எல்லாருக்கும். இரண்டாம் முறை மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டும் என்ற விதிக்கும் டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் கோர்ட் தடை போட்டுவிட்டது. ஃபிஷ்ஷை எடுத்தவர் இல்லை. புது அத்லெடிக் டைரக்டராக வந்திருப்பவர் பேட் சன், அதுவும் எங்கள் போட்டியாளர் வாஷிங்டன் ஸ்டேட்டின் ஊரான புல்மேனிலிருந்து! (அந்தப் பக்கத்து ஆட்களின் முகத்தை நினைத்துப் பார்.) அவர் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஆனால் கோஹன் போன ஆகஸ்டுக்குப் பிறகு நடந்தது திரும்ப நடக்க எல்லாம் பொருந்தி நிற்கிறது.

சன் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஃபிஷ்ஷோடு உட்கார வேண்டும். ஜெயித்த பிறகு பேசலாம் என்று வைத்தால் விலை ஏறும், ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். கோச்சை அழைத்துப்போகக் கட்ட வேண்டிய பைஅவுட் தொகை, இழக்கிற அன்றைக்கு நமக்கு வலிக்கிற அளவு இருந்தால் போதாது, வாங்க வருகிறவனுக்கு வலிக்க வேண்டும். களத்தில் நிற்கும் 10 அசிஸ்டென்ட் கோச்களுக்கும் ஒப்பந்தத்தைக் கெட்டியாக்க வேண்டும், பையன் தினமும் பார்ப்பது அவர்களைத்தான். பணம் இறுக்கம் என்பது தெரியும். பிக் டென் என்ற பல்கலைக்கழக லீக்கில் சேர்ந்தாலும் டிவிப் பணத்தில் பாதிப் பங்குதான், முதல் வருஷம் 3 கோடி டாலர் அளவு. அதை வைத்துக்கொண்டு முழுப் பங்கு வாங்குகிற ஓஹியோ ஸ்டேட்டோடு லைன்மேன்களுக்காகப் போட்டி போட வேண்டும்.

அக்டோபர் 5 மிச்சிகன் இங்கே வருகிறது. இறுதி ஆட்டம் ஆடிய இரண்டு அணி, இரண்டும் புதுக் கோச்சோடு. டிக்கெட் எடுக்கப்போகிறேன், உனக்கும் சேர்த்தா என்று சொல்.

உன் பக்கம், உங்கள் ஆட்டக்காரன் கேலப் டவுன்ஸ் ஓஹியோ ஸ்டேட்டுக்குப் போனதற்கு நீ அழுததாகச் சுந்தரி சொன்னாள். அயோவாவுக்குப் போன உங்கள் லைன்மேன் ப்ராக்டர் திரும்பி வருகிறானாமே, கண்ணைத் துடைத்துக்கொள். ஏப்ரல் 13 ஏ-டேக்கு, அலபாமாவின் வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்துக்கு, போவாய்தானே? எங்களிடமிருந்து வந்த, பந்தைப் பிடிக்கிற ஜெர்மி பெர்னார்டை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், உள்ளே ஸ்லாட்டிலா ஓரத்திலா என்று மட்டும் பார்த்து எழுது.

அன்புடன்,
ரவி