அளவு இல்லாத படங்கள்: பட்டறை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

உளி, அரம், வெல்டிங் ஹோல்டர், கொத்துக்கரண்டி பிடிக்கும் அன்பர்களுக்கு வணக்கம். தொழிலாகச் செய்பவர்களையும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசைக்குச் செய்பவர்களையும் சேர்த்தேதான் அழைக்கிறேன்.

கோவையில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறைகளில் 31 ஆண்டுகள் லேத் என்னும் கடைசல் மெஷினிலும் ஃபிட்டிங்கிலும் காலம் கழித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு மரவேலை பழகிக்கொண்டிருக்கிறேன். இரும்பில் தொழிலாளி, மரத்தில் கற்றுக்குட்டி. ஆகவே உங்கள் இரண்டு பந்தியிலும் எனக்கு ஓர் இலை உண்டு. அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்ல வருகிறேன்.

செய்ததையெல்லாம் படம் எடுத்துப் பகிர்கிறீர்கள். தேக்கில் இழைத்த ஊஞ்சல் பலகை, லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள், சதுரக் குழாயில் பற்றவைத்த மாடிப்படி, செங்கல்லை வளைத்துக் கட்டிய நிலைவளைவு. பார்க்கக் கண் குளிர்கிறது. ஆனால் எந்த மரம், எத்தனை நூல் கனம், எதை முதலில் செய்தீர்கள், எந்த இடத்தில் கெட்டது, அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு சொல் கிடையாது. விருந்துக்கு அழைத்து, இலையைக் காட்டிவிட்டு, சமையற்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருக்கிறது.

இதனால் நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு படத்தைப் பார்த்து ஒரு வேலைமேசை செய்தேன். ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் சட்டம், மேலே வேப்பம்பலகை. பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, 2 அடி அகலத்துக்கு ஒரே பரப்பாக்கி, சட்டத்தில் துளையிட்டு அடியிலிருந்து திருகாணிகளால் இறுக்கினேன். வெல்டிங் என் கைக்குப் பழகிய வேலை. மூலைக்கு மூலை குறுக்கே பிடித்துப் பார்த்தபோது அரை நூல்கூட வித்தியாசம் இல்லை. (நூல் தெரியாத இளைஞர்களுக்கு: ஓர் அங்குலத்துக்கு 8 நூல். மில்லிமீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் தச்சர் வாயிலிருந்து நூல் போகவில்லை, போகவும் வேண்டாம்.) அது ஐப்பசி மாதம். வெளியே அடைமழை. பங்குனியில் ஒரு நாள் நடுநிசியில் கொட்டகைக்குள் பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம். காலையில் போய்ப் பார்த்தால் நடுப்பலகை நெடுக ஒரு நூல் அகலத்துக்குப் பிளந்து கிடக்கிறது.

எங்கள் தெரு ஆசாரி வந்து குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். இரும்பைக் கட்டுகிற மாதிரி மரத்தைக் கட்டிப்போட்டிருக்கிறீர்களே என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை; டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. இரும்பை நான் அறிவேன். ஒரு மீட்டர் கம்பி, 20 டிகிரி சூடு ஏறினால் கால் மில்லிமீட்டர் நீளும், அவ்வளவுதான். மரம் வெயிலுக்காக அசைவதில்லை, ஈரத்துக்காக அசைகிறது. நீளவாட்டில் அசைவு ஏறக்குறைய இல்லை. அகலவாட்டில்தான் எல்லாம் நடக்கிறது. அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல் சுமார் இரண்டு மடங்கு. மழைக்காலத்தில் ஈரம் குடித்த 2 அடிப் பலகை, கோடையில் ஐந்தாறு மில்லிமீட்டர் குறுகிவிடலாம். என் பலகையும் குறுகப் பார்த்தது. இரும்புச் சட்டம் விடவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நடுவில்தானே கிழியும்?

வைத்தியம் மிகச் சாதாரணம். நடுத் திருகாணியை மட்டும் உருண்டைத் துளையில் இறுக்கி, ஓரத்துத் திருகாணிகளுக்குச் சட்டத்தில் நீள்துளை போட்டு, வாஷர் வைத்து, இழுத்துப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும். பலகை அகலவாட்டில் போய்வர வழி கிடைத்துவிடும். நான் பார்த்துச் செய்த அந்தப் படத்திலுள்ள மேசையிலும் நீள்துளை இருந்திருக்கும். மேசைக்கு அடியில் இருப்பதை யார் படம் எடுக்கிறார்கள்?

அடிப்பக்கத்தையும் எடுங்கள். இந்த மடலில் நான் கேட்பது பெரும்பாலும் இதுதான்.

தொழில் செய்பவர்கள் தயங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். என் முதல் பட்டறையில் இருந்த மூத்த டர்னர் (லேத்தில் கடைபவர்), சாணைக்கல்லில் கடைகிற டூலைத் தீட்டும்போது எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். டூலைத் தீட்டுகிற அந்தக் கோணம்தான் அவருடைய சம்பளம்; அதை ஊருக்கு விளம்புவாரா? அவர் உடைத்துப் போட்ட டூல் ஒன்றைச் சீவல் குப்பையிலிருந்து பொறுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், தம்பியின் ஜியாமெட்ரி பெட்டியில் இருந்த பாகைமானியை வைத்து அளந்தேன். பித்தளை கடைகிற டூல் அது. மேல்முகம் தட்டை, சரிவே இல்லை. இரும்புக்குச் சரிவு வைத்துத் தீட்டிய டூலைப் பித்தளையில் வைத்தால், பசித்த மாடு வைக்கோலை இழுப்பதுபோல் அது தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேலையும் போகும், டூலும் போகும். ரகசியம் கைக்கு வந்துவிட்டது என்று துள்ளினேன். அவர் கடைந்த வழவழப்பு என் கைக்கு வர அதற்குப் பிறகும் 6 ஆண்டுகள் ஆயின.

சொல்லிவிட்டால் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சுபவர்கள், சாமி சிலை வார்க்கும் சுவாமிமலையைப் பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகை நிறுத்துப் பார்த்தே எவ்வளவு உலோகம் வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். இந்த முறை யாருக்கும் தெரியாத ஒன்றா? மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசத்தில், 12-ஆம் நூற்றாண்டிலேயே, மெழுகு வார்ப்பும் எடைக் கணக்கும் எழுதப்பட்டுவிட்டன. எழுதி ஏறக்குறைய 900 ஆண்டுகள் ஆகியும் ஸ்தபதியைத் தேடித்தான் போகிறோம். படித்துவிட்டு நாமே சாமி சிலை வார்த்துக்கொள்ளவில்லை.

அளவைச் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘அரை அங்குல போல்ட்’ என்று எழுதி நிறுத்திவிடுகிறீர்கள். எந்த மரை (போல்ட்டைச் சுற்றி வெட்டிய திருகு வரி)? 1841-க்கு முன் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பத்துக்கு மரை வெட்டியது. இங்கே செய்த நட்டு அங்கே செய்த போல்ட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேர்த்து அளந்து பார்த்துத்தான் ஒரு பொது அளவை முன்வைத்தார். கோணம் 55 டிகிரி, அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்தில் 12 மரை. அமெரிக்கர்கள் 60 டிகிரி வைத்து, அதே அரை அங்குலத்துக்கு 13 மரை வெட்டினார்கள். பழைய இறக்குமதி மெஷின்களைப் பிரித்தவர்களுக்கு இது தெரியும்: நட்டு இரண்டு சுற்று நல்ல பிள்ளைபோல் ஏறும், மூன்றாவதில் மாட்டிக்கொள்ளும். துரு என்று நினைத்து எண்ணெய் விட்டு ஸ்பேனரில் தொங்குவோம். ‘12 மரை’ என்று யாராவது ஓரமாகக் கிறுக்கி வைத்திருந்தால் ஒரு பகல் மிச்சமாகியிருக்கும்.

இனி, கொஞ்சம் கோபமாகப் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு வெட்டும் கைக் கிரைண்டரின் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மரம் அறுக்கிற பல்சக்கரத்தை அதில் மாட்டி, ஒற்றைக் கையில் பிடித்து அறுக்கும் படங்களை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். கீழே பாராட்டு மழை. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அதன் பல் மரத்தின் கணுவில் கடித்ததும் கருவி உங்களை நோக்கி எகிறும். கையை எடுக்க உங்களுக்கு நேரம் இருக்காது. மரம் அறுக்க வேறு மெஷின் இருக்கிறது. வாங்க வசதி இல்லையென்றால் கைவாள் இருக்கிறது. இரும்பு வெட்டும் வட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் அச்சிட்டிருக்கும். பரணில் ஈரத்தில் கிடந்த வட்டைத் துடைத்து மாட்டாதீர்கள்.

லேத்திலும் துளையிடும் மெஷினிலும் கையுறை போட்டுக்கொண்டு நிற்கும் படங்கள் இன்னொரு ரகம். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் போடுகிறார்கள். சுற்றும் பொருள் கையுறையின் ஒரு நூலிழையைப் பிடித்தால் போதும், கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். வெறுங்கையும் சுருட்டிய சட்டைக் கையும்தான் அங்கே பாதுகாப்பு.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பற்றவைப்பவர்களுக்கும் ஒரு சொல். மேலே இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். ஆக, நீங்கள் வெல்டு வைக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைப் புகை வந்தே தீரும். இளவயதில் ஒரு நாள் மூடிய அறைக்குள் ஜன்னல் கம்பி முழுவதையும் பற்றவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு குளிர்காய்ச்சலில் பல் கிட்டியது. மறுநாள் மாலைக்குள் ஒன்றுமே நடக்காததுபோல் விட்டுவிட்டது. பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறை நம்பிக்கை. வெல்டு விழும் இடத்தில் பூச்சை முன்கூட்டியே சுரண்டி எடுப்பதும், காற்று உங்கள் பின்னாலிருந்து வரும்படி திறந்த வெளியில் உட்காருவதும், புகையைத் தடுக்கும் முகக்கவசம் போடுவதும்தான் உருப்படியான காரியம். அழகாகப் பற்றவைத்த கேட்டின் படத்தோடு இந்த 3 வரியையும் எழுத எவ்வளவு நேரமாகும்?

கொத்தனார்களிடம் எனக்கு அவ்வளவு குறை இல்லை. மூலை மட்டத்துக்கு 3, 4, 5 வைத்துப் பார்ப்பதை (இரு பக்கம் 3, 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை நேர்கோணம்) எங்கள் பகுதி மேஸ்திரி ஒருவர் சிறுவர்களுக்கும் விளங்கும்படி காட்டியிருந்தார். ஆனால் கான்கிரீட் ஊற்றிய அன்றைய ஆரவாரத்தைப் படம் எடுக்கிறீர்கள், மறுநாளிலிருந்து மேல்தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை யாரும் எடுப்பதில்லை. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டிய படம் அதுதான்.

ஆசைக்குச் செய்பவர்களுக்கும் ஒன்று. ஆசாரி ஒருவர் அரை மணி நேரம் நின்று உங்களுக்கு இழைப்புளி இரும்பைத் தீட்டக் கற்றுக்கொடுத்தால், அந்த அரை மணி நேரம் அவருக்குக் கூலி வேலை நேரம். டீயோடு முடித்துவிடாதீர்கள். படத்தைப் பகிரும்போது ‘நானே செய்தது’ என்று எழுதுகிற இடத்தில், யாரிடம் கேட்டுச் செய்தது என்பதையும் எழுதுங்கள். நானும் டீயோடு முடித்தவன்தான். பிறகு போய்ச் சரிசெய்தேன்.

மற்றவர்களைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பது முறையில்லை. என் மேசையின் விவரம்: உயரம் 34 அங்குலம் (என் உயரத்துக்கு 1 அங்குலம் அதிகம், முதுகு வலிக்கவில்லை, தோள் வலிக்கிறது). பரப்பு 5 அடிக்கு 2 அடி, 12 நூல் கனம். பிளந்த நடுப்பலகையை வாளால் நெடுக அறுத்தெடுத்து வேறு பலகை ஒட்டினேன். நடு வரிசைத் துளைகள் 6 மில்லிமீட்டர் உருண்டை. முன்னும் பின்னும் உள்ள துளைகள் 6 மில்லிமீட்டர் அகலம், 16 மில்லிமீட்டர் நீளம், நீளம் பலகையின் அகலவாட்டில். முதல் நீள்துளையைத் திசை மாற்றிப் போட்டுவிட்டேன். அதை வெல்டு வைத்து அடைத்த தழும்பு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. இரண்டு கோடை தாண்டியாயிற்று, பிளவு இல்லை.

ஆனால் வலது பக்க மூலை மழைக்காலத்தில் ஒரு நூல் தூக்கிக்கொள்கிறது. கோடையில் தானாக அமர்ந்துவிடுகிறது. மாற்றி ஒட்டிய பலகை பூவரசு, மற்றவை வேம்பு. காரணம் அதுவாக இருக்குமா, அல்லது வளையத்தின் முகத்தைத் தலைகீழாக வைத்துவிட்டேனா என்று தெரியவில்லை. அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வேம்பையும் பூவரசையும் சேர்த்து ஒட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஃபிட்டர்