பழங்குடி நிலத்தின் காற்றுக்கு நீங்களே முதல் காவல்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிர்வாகி அவர்களுக்கும் அதன் அமலாக்கப் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு மாநிலத்தில் இருக்கும் ஆலை காற்று விதிகளை மீறினால் முதலில் தட்டிக் கேட்க வேண்டியது அந்த மாநில அரசு. அது தவறும்போது மக்கள் உங்களிடம் வருகிறார்கள். அமெரிக்கப் பழங்குடி மக்கள் தமக்கென அரசு அமைத்து வாழும் பழங்குடி நிலத்தில் அந்த முதல் படியே பெரும்பாலும் இல்லை, ஏனெனில் மாநிலங்களின் காற்று விதிகள் பொதுவாக அந்த எல்லைக்குள் செல்லுபடியாவதில்லை. தூய காற்றுச் சட்டத்தின் 1990ஆம் ஆண்டுத் திருத்தமும், 1998இல் நீங்கள் வகுத்த விதியும், பழங்குடி அரசுகள் மாநிலங்களுக்கு நிகராக நின்று தம் காற்றைத் தாமே காக்க வழி திறந்தன என்பது உண்மை. ஆனால் ஆலைகளுக்கான இயக்க உரிமத் திட்டத்தைத் தன் சொந்தச் சட்டத்தின்கீழ் நடத்தும் ஒப்புதலை ஒரு பழங்குடி அரசு, அதாவது கொலராடோவில் வாழும் சதர்ன் யூட் மக்களின் அரசு, முதன்முதலாகப் பெற்றதே 2012இல்தான். எனவே இன்றும் பல பழங்குடி நிலங்களில் உரிமம் தருபவரும், ஆய்வுக்கு வருபவரும், மீறலுக்கு நோட்டீஸ் அனுப்புபவரும் நீங்களே. நீங்கள் வராவிட்டால் அங்கே வேறு எவரும் வரப்போவதில்லை.

நியூ மெக்சிகோவில், நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில், 1963 முதல் இயங்கிவரும் ஃபோர் கார்னர்ஸ் அனல்மின் நிலையத்தின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். உரிய அனுமதியும் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இல்லாமல் அங்கே பெரிய மாற்றங்கள் செய்யப்பட்டன என்ற குற்றச்சாட்டை 2011இல் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர்கள் நவஹோ மக்களின் அமைப்பு ஒன்றும் அதனுடன் கைகோத்த சூழல் அமைப்புகளும்தாம். 2015இல் உங்கள் முகமையும் இணைந்து எட்டிய உடன்பாட்டின்படி, சல்பர் டை ஆக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் குறைக்கும் கருவிகளுக்கு ஏறத்தாழ 16 கோடி டாலர் செலவிடவும், 15 லட்சம் டாலர் அபராதம் கட்டவும், நவஹோ மக்களின் உடல்நலத்துக்கும் வீடுகளுக்கும் 67 லட்சம் டாலர் வரை ஒதுக்கவும் உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டனர். அந்த ஒதுக்கீட்டின் ஒரு பகுதி, நிலக்கரியும் விறகும் எரியும் பழைய அடுப்புகளை வீடுகளிலிருந்து மாற்றுவதற்கானது. தொலைதூர நகரங்களுக்கு மின்சாரம் அனுப்பும் ஆலையின் அருகிலேயே, குளிர்காய நிலக்கரியை எரித்து அந்தப் புகையையும் சேர்த்துச் சுவாசிக்கும் குடும்பங்கள் இருந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

நீங்கள் முனைந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. வடக்கு டகோட்டாவில், மாண்டன், ஹிடாட்சா, அரிக்கரா மக்களின் ஃபோர்ட் பெர்த்தோல்ட் நிலத்தில், ஏறத்தாழ 90 எண்ணெய், எரிவாயு நிலையங்களில் நடந்த மீறல்களுக்காக மாரத்தான் ஆயில் நிறுவனத்துடன் 2024 ஜூலையில் நீங்கள் செய்த உடன்பாட்டில் அபராதம் மட்டுமே 6 கோடியே 45 லட்சம் டாலர். அதே உறுதி ஏன் ஒவ்வோர் இடத்திலும் தொடரக்கூடாது?

ஆனால் 2025 மார்ச்சில், பாதரசம் உள்ளிட்ட நச்சு மாசு விதிகளிலிருந்து அதிபரின் விலக்கைக் கோர விரும்பும் நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று உங்கள் முகமை அறிவித்தது. அடுத்த மாதமே பல பத்து நிலக்கரி மின் நிலையங்களுக்கு ஈராண்டு விலக்குக் கிடைத்தது. விதியைக் கடைப்பிடிக்கச் சொல்லி நவஹோ மக்கள் நான்கு ஆண்டுகள் நீதிமன்றத்தில் காத்திருந்தார்கள். விதியிலிருந்து விலக ஆலைகளுக்கு ஒரே மாதம் போதுமானதாக இருந்தது. இந்த ஏற்றத்தாழ்வை என்னால் ஏற்க இயலவில்லை.

பழங்குடி நிலத்தில் உள்ள ஆலை எதற்கும், அந்நிலத்தின் அரசோடு கலந்து பேசாமல் விலக்கு அளிக்கப் பரிந்துரைக்காதீர்கள். எண்ணெய்த் தொட்டிகளிலிருந்து கசியும் ஆவி கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டும் அகச்சிவப்புக் கேமராக்களுடன் முன்னறிவிப்பின்றி ஆய்வுக்குச் செல்லுங்கள், கண்டதை அங்கே வாழ்பவர்களிடம் முதலில் சொல்லுங்கள். அபராதத் தொகை மத்தியக் கருவூலத்துக்கே போவதால், 2015இல் செய்ததுபோல, பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு நேரடியாகப் பயன்படும் பணிகளையும் ஒவ்வோர் உடன்பாட்டிலும் சேர்க்க முயலுங்கள். தம் காற்றைத் தாமே அளக்கவும் காக்கவும் விரும்பும் பழங்குடி அரசுகளுக்கான நிதியைக் குறைக்காதீர்கள். அவர்கள் அந்தப் பொறுப்பை முழுமையாக ஏற்கும் நாள்வரை அது உங்களுடையது.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
ஒரு குடிமகள்