குழுவை விட்டு ஏன் போனேன் என்று கேட்டாயே

ஆயர் ஈத்தாம்,
பினாங்கு.

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. "ஒரு வார்த்தை சொல்லாமல் புலனக் (வாட்ஸ்அப்) குழுவை விட்டுப் போய்விட்டாயே" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். உன்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும். தவறு என்னுடையதுதான். காரணத்தை இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நாற்பது பேர் இருக்கும் குழு. மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று இரவு பத்து மணிக்குச் செய்தி வந்தால் அன்று தூக்கம் போச்சு. காலையில் பார்த்தால் அவர் நன்றாக இருப்பார், நான்தான் கண் சிவந்து உட்கார்ந்திருப்பேன். உனக்கோ அது அப்படியே வேறு. உன் வீட்டுக்காரர் போன பிறகு, விடியற்காலை நாலு மணிக்கும் யாராவது ஒருத்தி விழித்திருந்து பதில் போடுவாள் என்ற நினைப்பே உன்னைத் தாங்கியது என்று சொன்னாய். அதே குழு, அதே கருவி. இதைத்தான் ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முப்பது வருடம் தாதியாக வேலை பார்த்ததில் பச்சைக் குழந்தைகளுக்கு எத்தனையோ ஊசி போட்டிருக்கிறேன். ஒன்று வீறிட்டு, உடம்பெல்லாம் சிவந்து, அரை மணி நேரம் அடங்காது. பக்கத்துத் தொட்டிலில் இருப்பது ஒரு முனகல், அவ்வளவுதான், திரும்பத் தூங்கிவிடும். இரண்டையும் யாரும் அதற்குள் வளர்த்துவிடவில்லை, பிறந்தே இரண்டு நாள்தான்.

ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் இதையே வாழ்நாள் வேலையாகச் செய்திருக்கிறார். நாலு மாதக் குழந்தைகளின் முன் வண்ணப் பொம்மைகளை ஆட்டி, பழக்கமில்லாத குரல்களைக் கேட்க வைத்தார். ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதைத்து அழுதது. ஐந்தில் இரண்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தன. உதைத்து அழுதவர்களில் பலர் வளர்ந்தபோது புது இடம், புது ஆள் என்றால் தயங்குகிறவர்களாக இருந்தார்கள். இரண்டு வயதில் அப்படித் தயங்கிய குழந்தைகளை இருபது வயதைத் தாண்டிய பிறகு மூளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 2003-இல் வந்த ஆய்வு அது. தெரியாத முகங்களைப் பார்க்கும்போது அவர்களுடைய அமிக்டலா மற்றவர்களுடையதை விட அதிகமாக வேலை செய்தது. ஆபத்து இருக்கிறதா என்று முதலில் விழித்துக்கொள்கிற பகுதி அது, பாதாம் பருப்பு அளவுதான் இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. அழுத குழந்தைகளில் பெரும்பாலோர் அச்சத்திலேயே முடங்கிப் போய்விடவில்லை. பள்ளிக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள். ஆனால் சபையில் குதித்து ஆடுகிற ஆளாக மாறியவர்கள் மிகக் குறைவு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. ஆளுக்கு ஆள் குணம் வேறுபடுவதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவோ பாதி அளவோ மரபணுவோடு வருகிறது. மீதி வாழ்கிற வாழ்க்கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தொட்டிலுக்கு முன்பே கொஞ்சம் வந்துவிடுகிறது, சரோஜா.

தோட்டத்துப் பள்ளியில் ஆண்டு விழா ஞாபகம் இருக்கிறதா? நீ மைக்கைப் பிடித்தால் விடமாட்டாய். நான் மேடைக்குப் பின்னால் கைநடுங்க நிற்பேன். "வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று வாத்தியார் கேட்டதை வெகுகாலம் என் குறையென்றே நினைத்திருந்தேன்.

சரி, கைப்பேசிக்கு வருகிறேன். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் 1990-களில் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு வந்தால் அவை துள்ளின. பழகிய பிறகு சாற்றுக்கு அல்ல, சாறு வரும் என்று காட்டும் அடையாளத்துக்கே துள்ளின. கைப்பேசியின் மணி அந்த அடையாளம்தான். நல்ல செய்தியா, கெட்ட செய்தியா, வெறும் விளம்பரமா என்று தெரியாததால்தான் கை தானாகப் போகிறது. உனக்கு அது துள்ளல். என் உடம்புக்கு அது எச்சரிக்கை என்று நான் நினைக்கிறேன்.

என் பேரப்பிள்ளைகளைப் பார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோவிலில் மேளச் சத்தத்திலும் தேங்காய் உடைக்கிற சத்தத்திலும் பேத்தி தோளில் தூங்கினாள். பேரன் அதே வயதில் நீலம் பாரித்து அழுதான், பாதியிலேயே திரும்பினோம். இப்போது அவளுக்குப் பதினைந்து, அவனுக்குப் பதின்மூன்று. அவள் கைப்பேசியை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வீசிவிட்டுப் போவாள். அவன் அனுப்பிய செய்தியில் நீலக் குறி விழுந்தும் பதில் வரவில்லையென்றால் அன்று சோறு இறங்காது. மகள் இருவருடைய கைப்பேசியையும் ஒரே மாதிரி பறித்து வைத்தாள். பேத்திக்கு ஒன்றுமில்லை. அவன் இன்னும் பயந்தான், தன்னை விட்டுவிட்டு எல்லோரும் பேசுகிறார்கள் என்று.

நெதர்லாந்தில் 63 பிள்ளைகளை ஒரு வாரம் தினமும் பல தடவை, மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார்கள். சமூக ஊடகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த பிறகு 46 விழுக்காட்டினருக்கு மனம் கொஞ்சம் நன்றாக இருந்தது, 44 விழுக்காட்டினருக்கு மாற்றமில்லை, 10 விழுக்காட்டினருக்கு மோசமானது. சராசரியை எடுத்தால் அந்தப் பத்து விழுக்காட்டினர் மறைந்துபோவார்கள். என் பேரனும் அவர்களைப் போல ஒருவன் என்று நினைக்கிறேன். அதனால்தான் "கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்று கோவிலில் யாராவது பேசினாலும் எனக்குக் கோபம் வருகிறது, "எல்லாம் வீண் பயம்" என்று சொன்னாலும் கோபம் வருகிறது.

இப்போது இரவு ஒன்பதுக்கு அவனுடைய கைப்பேசி சமையலறையில் அரிசி டின் மேல் படுத்துவிடும், என்னுடையதும் கூடவே. தண்டனை இல்லை, பாட்டிக்குத் துணை என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். மூன்று வாரமாக நன்றாகத் தூங்குகிறான்.

குழுவுக்கு நான் திரும்ப வரமாட்டேன், என்னை மன்னித்துவிடு. நீ அதை விடாதே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எனக்குக் கூப்பிடு. அந்த மணி உன்னுடையது என்று தெரிந்தால் எனக்குத் திக்கென்று இருக்காது. செந்தூலில் மழை எப்படி? உன் அக்காவின் கண் அறுவைச் சிகிச்சை முடிந்ததா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
மல்லிகா